புது வண்டியின் உதறல்

கட்டிவிட்ட கதை கேட்க வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். இது நடந்தது. நடந்தது லியோனா ஃப்ரீசனுக்கு. சாஸ்கட்சுவான் என்ற குளிர்ப் பிரதேசத்தில், ரோசன்டால் என்ற சின்ன ஊர்ப்பக்கம், பண்ணை பண்ணையாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் காயம் கட்டி, ஊசி போட்டு வருகிற நர்ஸ் அவள். அவளோடு ஒரே அலுவலகத்தில் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். ரத்தத்துக்கும் பயப்பட மாட்டாள், பிணத்துக்கும் பயப்பட மாட்டாள்.

இதை அவள் என்னிடம் சொன்னபோது அவளுடைய கணவன் கார்னியும் தம்பி வில்மரும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தால் அவளைக் கிண்டல் செய்யாமல் மூடத் தெரியாத இரண்டு பேர். அன்றைக்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

லியோனா தன் வாழ்நாளில் வாங்கிய முதல் புது வண்டி அது. ஐம்பத்தாறு வயதுவரை யாரோ ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட வண்டிகளையே ஓட்டிக்கொண்டிருந்தாள். நடுப்பாதையில் படுத்துக்கொள்ளும், ஹீட்டர் வேலை செய்யாது, கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். அந்த ஜனவரியில்தான், "இனிமே என்னால முடியாது, எனக்குப் புதுசுதான் வேணும்" என்று ஒரே பிடியாக நின்று வாங்கினாள். நல்ல உயரமான வண்டி. நீலமும் சாம்பலும் கலந்த நிறம். சீட்டின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட அவள்தான் உரித்தாள். அவளுக்கு முன்னால் அதில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவளே என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

வாங்கிய அன்றே, வீட்டுக்கு வரும் வழியில், முதுகில் ஏதோ அதிர்ந்தது. கோட்டுப் பையில் இருக்கும் போன் என்றுதான் நினைத்தாள். ஓரமாக நிறுத்தி எடுத்துப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. போனை முன்னால் வைத்துவிட்டு மறுபடி கிளம்பினாள். கொஞ்ச தூரம் போனதும்... மறுபடி அதே. ஸ்டியரிங்கில் இல்லை. காலடியில் இல்லை. சீட்டின் முதுகில் மட்டும். சன்னமாக, வேகமாக. உதறும், நிற்கும். மறுபடி உதறும்.

வீட்டு வாசலில் கார்னி நின்றிருந்தான். இடுப்பில் அறுவை செய்த பிறகு விவசாயத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்து வாசலெல்லாம் தோலாகத் துப்புவதே அவன் வேலை.

"புது வண்டி உதறுது கார்னி."

"வண்டி உதறல. இத்தன வருஷம் ஓட்டை வண்டி ஓட்டிப் பழகிட்ட. அதான் ஒடம்பு உதறலைத் தேடுது."

"நீ உக்காந்து பாரேன்."

உட்கார்ந்தான். பக்கத்துச் சீட்டில். ஊரை ஒரு சுற்று சுற்றினார்கள். ஒன்றுமில்லை. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே கதகதவென்று இருந்தது. கார்னி ஜெயித்துவிட்ட முகத்தோடு இறங்கிப் போனான்.

மறுநாள் காலை குளிர் மைனஸ் முப்பதுக்கும் கீழே. வண்டியை எடுத்த உடனே உதறல் வந்தது. முந்தைய நாளைவிடக் கூடுதலாக.

லியோனாவின் தம்பி வில்மர், நகரத்தில் அதே வண்டியை விற்ற கடையிலேயே மெக்கானிக். அவனிடம் கொண்டுபோனாள். அவன் முதலில் டயர்களைக் கழற்றி எடை சமன் பார்த்தான். பிறகு வேறொரு வண்டியின் நாலு சக்கரத்தையும் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தான். உதறல் அப்படியே இருந்தது.

"இங்க பாரு," என்றான். "வேகம் கூடக் கூட உதறல் கூடினா சக்கரத்துல கோளாறு. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடினா இன்ஜின்ல கோளாறு. அவ்வளவுதான். இதுல பிசாசு வித்தையெல்லாம் ஒண்ணும் கெடையாது."

மூன்று பேருமாக நெடுஞ்சாலைக்குப் போனார்கள். வில்மர் ஓட்டினான். லியோனா பக்கத்தில். அங்கே டிரைவர் சீட்டு இடதுபக்கம்; கார்னியை அதற்குப் பின்னால் உட்கார்ந்து கவனிக்கச் சொன்னார்கள். குளிரட்டும் என்று லியோனா ஹீட்டரை அணைத்து வைத்தாள்.

மெதுவாக ஓட்டினான், உதறியது. வேகமாக ஓட்டினான், அதே அளவு உதறியது. நூற்றுப்பத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே நியூட்ரலில் போட்டான். இன்ஜின் சத்தம் அடங்கியது. உதறல் அடங்கவில்லை.

"நிறுத்து," என்றான் கார்னி பின்னாலிருந்து.

"என்ன?"

"நிறுத்துடா. எனக்குக் கால் நீட்ட எடமில்ல."

இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, வலதுபக்கக் கதவைத் திறந்து அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டான். விதையை வாயில் போடவில்லை.  எதற்காக இடம் மாறினான் என்பதை அப்போது அவன் சொல்லவில்லை. சில வாரம் கழித்துத்தான் சொன்னான். உட்கார்ந்தபோது, ஏற்கெனவே அங்கே இருந்த யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்ததாம்.

கடைசியில் வில்மர் வண்டியை ஓரம்கட்டினான். இன்ஜினை அணைத்தான். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் வெறும் பனி வயல். காற்றுகூட இல்லை.

உதறும்... நிற்கும். உதறும்... நிற்கும்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த வில்மர் முதுகை மெல்ல முன்னால் இழுத்துக்கொண்டான்.

"ஒரு வண்டி உதறணும்னா அதுல ஏதாவது ஒண்ணு சுத்தணும்," என்றான். "இப்ப எதுவுமே சுத்தல லியோனா."

அடுத்த வாரம் சின்னச் சின்ன மைக்குகள் கொண்டுவந்தான். கவ்விமாதிரி இருக்கும். வண்டிக்கு அடியில் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று, இன்ஜினில் ஒன்று, பின்சீட்டின் இரும்புச் சட்டத்தில் ஒன்று. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டே வந்தான். லியோனா ஓட்டினாள்.

"இது சக்கரம்... இதும் சக்கரம்... சரியாத்தான் இருக்கு... இன்ஜின்... நல்லா இருக்கு..."

பின்சீட்டு மைக்குக்குத் திருப்பினான்.



கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு ஹெட்போனைக் கழற்றினான். வயரைச் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினான்.

"என்ன கேட்டுச்சு?"

"மைக் ரிப்பேர்."

"என்கிட்ட குடு, நானும் கேக்கறேன்."

"ரிப்பேர்னு சொன்னேன்ல. ரோட்டைப் பாத்து ஓட்டு."

அன்றே பின்சீட்டை முழுசாகக் கழற்றிப் போட்டான். பஞ்சு, கம்பி, துணி. எல்லாம் புத்தம்புதுசு. ஒரு திருகுகூடத் தளர்ந்திருக்கவில்லை. மறுபடி மாட்டிக் கொடுத்தான்.

லியோனாவுக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை. புது வண்டியில் இதெல்லாம் சகஜம் என்று சமாதானம் செய்துகொண்டாள். ஆனாலும் சில விஷயங்களை அவள் கவனிக்காமல் இல்லை. ஹீட்டரைப் பின்பக்கம் திருப்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் உதறல் அடங்கிவிடும். வெயில் அடித்த நாட்களில் வரவே வராது. அப்புறம் கண்ணாடி. காலையில் வண்டியை எடுக்கும்போது எல்லாக் கண்ணாடியிலும் வெளிப்பக்கம்தான் உறைபனி படிந்திருக்கும். பின்பக்க இடது கண்ணாடியில் மட்டும்... உள்பக்கமும் படிந்திருக்கும். முந்தின நாள் இரவெல்லாம் யாரோ அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்த மாதிரி.

அவள் சுரண்டித் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள். பீட்டர்ஸ் கிழவருக்குக் காலில் கட்டு மாற்றிவிட்டு மதியத்துக்கு மேல் கிளம்பினாள். கிளம்பும்போது வானம் நீலமாகத்தான் இருந்தது. பாதி தூரம் வருவதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. வயலில் கிடந்த பனி அப்படியே எழும்பி நின்றது. முன்னால் சாலை இல்லை. பின்னால் சாலை இல்லை. மேலும் கீழும் ஒரே வெள்ளை. பட்டப்பகலில் கண் தெரியாமல் போவது எப்படி என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நடந்து போகிற வேகத்தில்தான் ஓட்டினாள். அப்படியும் வலது சக்கரம் ஓரத்தில் இறங்கியது. வண்டி மெல்லச் சரிந்து, பள்ளத்துப் பனியில் போய் மெத்தையில் சாய்ந்த மாதிரி நின்றது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை.

கார்னிக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வந்தது.

"பனி தள்ளுற வண்டியெல்லாம் நிறுத்திட்டாங்க. பக்கத்துப் பண்ணை ஓர்வில் டிராக்டர எடுத்துட்டு வரேங்கறான். காத்து கொஞ்சம் அடங்கணும். வண்டிய விட்டு எறங்கிடாத."

அதைச் சொல்லவே வேண்டாம். அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். புயலில் மாட்டினால் வண்டிதான் வீடு. இறங்கி நடந்தவர்களைப் பனி உருகின பிறகுதான் கண்டுபிடிப்பார்கள்.

ஒரே ஒரு முறை இறங்கினாள். புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் புகை உள்ளே வந்து ஆளைக் கொன்றுவிடும். ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய்க் காலாலும் கையாலும் தோண்டினாள். திரும்பி வரும்போது பூட்ஸுக்குள் பனி புகுந்து நனைந்துவிட்டது. உள்ளே வந்து இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கம்பளிச் சாக்ஸோடு காலைக் கீழே சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் இன்ஜின் ஓடும், ஹீட்டர் வேலை செய்யும். பிறகு அணைத்துவிடுவாள். பனி மறுபடி குழாயை மூடியிருக்கும் என்ற பயம். மறுபடி இறங்க முடியாது. காற்று கதவைத் திறக்கவே விடவில்லை.

கடைசியாக அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். வண்டிக்குள் சூடு வடிய ஆரம்பித்தது. மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

அப்போது தொடங்கியது.

முதுகில்... உதறும். நிற்கும். உதறும்.

வண்டி நகரவில்லை. இன்ஜின் ஓடவில்லை. இதற்கு முன்பும் அப்படி உதறியதுதான். ஆனால் அப்போது அவளோடு ஆட்கள் இருந்தார்கள்.

இந்த முறை அவள் கவனித்துப் பார்த்தாள். செய்வதற்கு வேறு வேலையும் இல்லை. அதிர்வு சீட்டு முழுவதும் இல்லை. இரண்டே இடத்தில். இடுப்புக்கு மேலே, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. உள்ளங்கை அளவு.

பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால்கள் முன்சீட்டில் முட்டும் இடம்.

முழங்கால்.

லியோனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வருஷக்கணக்கில் அவள் கையால் பிடித்துப் பார்த்த நடுக்கம் அது. குளிரில் விறைத்துப் போனவர்களைப் போர்வைக்குள் வைத்துக் கட்டிப் பிடித்திருக்கிறாள். ஒரு வேகம் உதறும். களைத்து நிற்கும். மறுபடி ஒரு வேகம். எந்த இயந்திரமும் அப்படி உதறாது.

இந்த வண்டியில் கோளாறே இல்லை. யாரோ குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். காலி சீட்டு. மடித்து வைத்த கம்பளி ஒன்று. இடது ஜன்னலில் உறைபனி அவள் ஜன்னலைவிடத் தடிப்பாக ஏறியிருந்தது.

பிறகு சத்தம் கேட்டது.

டக்டக்டக்டக்... டக்டக்டக்டக்...

பல் தந்தியடிக்கும் சத்தம்.

அவளுடைய பல் இல்லை. அவள் வாயைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கதவுப் பிடியில் கை வைத்தாள். வெளியே வெள்ளைச் சுவர். பத்தடி நடந்தால் செத்துப்போவாள். அது அவளுக்குத் தெரியும். உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்பது தெரியாது. பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

இன்ஜினைப் போட்டாள். ஹீட்டரைப் பின்னால் திருப்பினாள். சூடு வருவதற்குள் தலை கனத்தது, கண் சொக்கியது. குழாய் மூடிவிட்டது. உடனே அணைத்து, ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கினாள். பனி ஊசியாக உள்ளே வந்தது. இருந்த சூடும் போயிற்று.

நடுக்கம் பலமானது. சீட்டே குலுங்கியது.

பிறகு... நின்றது.

முழுசாக நின்றது.

வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்றிருப்பார்கள். லியோனாவால் அப்படிச் சொல்ல முடியவில்லை. குளிரில் மாட்டியவர்கள் நடுங்கும்வரை பயமில்லை. நடுக்கம் நின்றால்தான் பயம். உடம்பு கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் அவளுக்கு வரிசையாகத் தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறாள். ஆட்களிடமும் பார்த்திருக்கிறாள். அடுத்து, உடம்பு எரிகிற மாதிரி இருக்கும். சாகப்போகிற குளிரில் சட்டையைக் கழற்றுவார்கள்.

காத்திருந்தாள்.

பின்னால்...

ஸ்ஸ்ஸ்ர்ர்ர்க்.

ஜிப் இறங்கும் சத்தம். மெதுவாக. மேலிருந்து கீழ்வரை.

துணி சரசரத்தது. ஏதோ சீட்டில் விழுந்தது.

"வேண்டாம்," என்றாள் லியோனா. குரல் அவளை மீறி வந்தது. "போட்டுக்கோ. கழட்டாத."

சத்தம் நின்றது.

அது கேட்டுவிட்டது.

அவள் பேசியது அதற்குக் கேட்டுவிட்டது.

க்ளிக்.

பின்கதவின் பிடி.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

பேரப்பிள்ளைகளுக்காகப் போன வாரம்தான் பின்கதவில் பூட்டுப் போட்டு வைத்திருந்தாள். உள்ளேயிருந்து திறக்காது.

க்ளிக்க்ளிக்க்ளிக்க்ளிக்...

பிறகு அமைதி.

இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் ஏதோ அழுத்தியது. கை வைக்கும் மேடை முனகியது. முன்னால் ஏறி வருகிறது. டிரைவர் கதவு வழியாகப் போகப் பார்க்கிறது. அவளைத் தாண்டி.

பக்கவாட்டில் குளிர் வந்து நின்றது. கன்னத்துக்குப் பக்கத்தில்.

லியோனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வலது கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நீட்டவில்லை என்று மட்டும் சொன்னாள்.

"வெளிய போகாத," என்றாள். "போனா செத்துருவ. இங்கயே இரு. ஆள் வராங்க. வந்துட்டே இருக்காங்க. உக்காரு."

நீட்டிய கையில் ஏதோ மோதியது.

பெரிய எடை இல்லை. ஒரு சின்ன உடம்பின் எடைதான்.

"உக்காரு கண்ணு. போகாத."

குளிர் பின்வாங்கியது.

சீட்டுக்குப் பின்னால், கீழே, ஏதோ சரிந்து இறங்கியது.

அவளுக்குத் தெரியும். அதுதான் கடைசி. சாகும் நேரத்தில் ஏதாவது ஒரு பொந்துக்குள் போய்ச் சுருண்டுகொள்வார்கள். கட்டிலுக்கு அடியில். அலமாரிக்குள். இடுக்கு எங்கே இருந்தாலும்.

சீட்டுக்கு அடியில் சுரண்டும் சத்தம்.

இன்னும் உள்ளே.

இன்னும்...

அவள் குதிகாலுக்குப் பின்னால் வந்துவிட்டது.

ஒரு கை அவளுடைய கணுக்காலைப் பிடித்தது.

சின்னக் கை.

அவள் கத்தவில்லை. காலை உதறவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். போகாத, இங்கயே இரு, ஆள் வராங்க. போகாத, இங்கயே இரு. வெள்ளை சாம்பலானது. சாம்பல் கறுத்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். சாக்ஸைத் தாண்டி எலும்புவரை குளிர் இறங்கியது. பிடி விடவே இல்லை.

கடைசியில் மஞ்சள் விளக்கு ஒன்று ஆடி ஆடி வந்தது. டிராக்டர். ஓர்வில் மண்வெட்டியால் பனியை வெட்டிக் கதவைத் திறந்தான். காற்று உள்ளே அடித்த அதே நேரத்தில், கணுக்காலிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

"யாரோட பேசிட்டிருந்த?" என்றான் ஓர்வில். "வெளிய வரைக்கும் கேக்குது."

"பின்னால பாரு."

டார்ச் அடித்துப் பார்த்தான். சீட்டுக்கு அடியிலும் பார்த்தான். கம்பளி மடித்தபடி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

வீட்டில் கார்னிதான் சாக்ஸைக் கழற்றினான். கணுக்காலில் வெளுத்துப்போன திட்டுகள். குளிர் கடித்தால் வருகிற திட்டு. ஒரு பக்கம் நாலு. மறுபக்கம் ஒன்று. தோல் உரிந்து ஆறுவதற்கு ஒரு மாதம் ஆனது.

அன்றைக்குத்தான் கார்னி மடியில் உட்கார்ந்த மாதிரி இருந்த கதையைச் சொன்னான். மறுநாள் வில்மரும் ஒத்துக்கொண்டான். மைக்கில் அவன் கேட்டது பல் தந்தியடிக்கும் சத்தம். அதற்கு நடுவே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உதறுகிறது என்று எழுதித்தான் கொடுத்தார்கள். கடைக்காரர் ஓட்டிப் பார்த்தார். வசந்தம் வந்து பனியெல்லாம் உருகியிருந்தது. உதறவில்லை. ஏலத்தில் போட்டு, எங்கோ வடக்கே ஒரு கடைக்கு விற்றுவிட்டார்.

வில்மர் சும்மா இருக்கவில்லை. வண்டி எங்கே செய்தது, எப்படி வந்தது, வழியில் யாராவது ஏறினார்களா, ஏதாவது விபத்தா என்று துருவித் துருவி விசாரித்தான். ஒன்றுமே இல்லை. தொழிற்சாலையிலிருந்து நேராகக் கடைக்கு. கடையிலிருந்து நேராக லியோனாவுக்கு. அந்த வண்டியில் யாரும் செத்ததில்லை. யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

அதுதான் அப்போதைய முடிவு.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் வில்மருக்கு ஒரு போன் வந்தது. இன்சூரன்ஸ்காரர். நீலச் சாம்பல் வண்டி ஒன்றைப் பற்றிக் கேட்டார். கடைசியாகப் பின்சீட்டைக் கழற்றி மாட்டியது நீங்கள்தானே, ஹீட்டரில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று விசாரித்தார். ஏன் கேட்கிறீர்கள் என்றான் வில்மர்.

அதற்கு முந்தின மாதம் அடித்த பெரிய புயலில் அந்த வண்டி வடக்கே ஒரு பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. ஓட்டியவர் உதவி தேடி இறங்கி நடந்திருக்கிறார். அவரை ஒரு வேலியோரத்தில் பிணமாகத்தான் எடுத்தார்கள். பத்து வயது மகளைப் பின்சீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பின்கதவில் குழந்தைப் பூட்டு.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். கண்டுபிடித்தபோது அவளுடைய கோட்டு சீட்டில் கிடந்தது. அவள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கீழே சுருண்டு, ஒரு கையைச் சீட்டுக்கு அடியில் முன்பக்கம் நீட்டியபடி கிடந்தாள். விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தன.

ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதை, அங்கே வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் மூலம் பிறகு லியோனாவே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அப்பா போனப்புறம் முன்னாடி சீட்ல ஒரு அம்மா இருந்தாங்க. நான் வெளிய போகப் பாத்தேன். கைய நீட்டி மறிச்சாங்க. போகாத, இங்கயே இருன்னு சொல்லிட்டே இருந்தாங்க. எனக்கு அவங்களப் பாக்கவே பயமா இருந்துச்சு. ஆனாலும் கால விடல."

ஏன் பயம் என்று நர்ஸ் கேட்டிருக்கிறாள்.

"அவங்க செத்துப்போனவங்க. கால் ஐஸ் மாதிரி இருந்துச்சு. பேசும்போது என் வாயில இருந்து புகை வந்துச்சு. அவங்க வாயில இருந்து வரவே இல்ல."

இதைச் சொல்லி முடித்துவிட்டு லியோனா எழுந்து காப்பி போடப் போனாள். நான் கார்னியிடம் திரும்பி, வடக்கே அந்தப் பெண் மாட்டிக்கொண்ட புயல் அன்று சாயங்காலம் இவள் எங்கே இருந்தாள் என்று கேட்டேன்.

"இங்கதான்," என்றான் கார்னி. "இந்த சோபாவுலதான் தூங்கிட்டிருந்தா. அடுப்பு எரிஞ்சுட்டிருந்துச்சு, வீடே கொதிக்குது. போர்வை வெலகியிருக்கேன்னு இழுத்துவிடப் போனேன். கால் பட்டுச்சு."

கையிலிருந்த சூரியகாந்தி விதையைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டான்.

"செத்துட்டாளோன்னே நெனச்சேன்."